ஹெலிகாப்டர் வரும் வானில் ட்ரோன்: இராமநாதபுரம் கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ட்ரோன் பைலட் சான்றிதழை வாங்கிக்கொண்டு இந்தக் கரைக்கு வேலைக்கு வருகிறவர்களில் பலர் வயலில் மருந்து தெளித்துப் பழகியவர்கள், இல்லையென்றால் கல்யாண வீடியோ எடுத்தவர்கள். அங்கே வானத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இங்கே இருக்கிறார்கள். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில் உச்சிப்புளி. கடற்படையின் சிறிய விமானதளமாக 1980-களில் தொடங்கிய இடம், 2009 மார்ச் முதல் ஐஎன்எஸ் பருந்து என்ற முழுத் தளம். 2012-ல் அங்கே 344-வது விமானப் பிரிவு தொடங்கப்பட்டது. ஹெரான், சர்ச்சர் என்ற ஆளில்லா விமானங்களை இயக்குவது அதன் வேலை. ஆக, ஓட்டுநர் உள்ளதும் இல்லாததும் ஒரே வானத்தைப் பங்குபோடுவது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. உங்களுக்குத்தான் புதுசு.

மீட்பு ஒத்திகைக்கு வருபவர்கள், கடலோர ஆய்வுக்கு வருபவர்கள், கடற்படைக்குக் கருவி செய்துகாட்ட வரும் நிறுவனங்களின் பையன்கள், கடற்படையிலேயே சேர்ந்து இப்படி ஒரு பிரிவுக்குப் போகப்போகிறவர்கள், எல்லோருக்கும் பொதுவான அடிப்படைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். தளத்துக்குள் போனதும் அவர்கள் தரும் நடைமுறைப் புத்தகம்தான் கடைசி வார்த்தை. அதை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிய இது உதவும்.

முதல் படி: அனுமதி

இதில் பேச அதிகமில்லை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் உண்டு. பச்சையில்கூட 400 அடிக்கு மேல் போனால் மஞ்சள் ஆகிவிடும், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. காவல்துறையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம், அதனால் நேற்று பார்த்த வரைபடத்தை நம்பி இன்று பறக்காதீர்கள். 2021 ஜூலையில் கடற்படை, தன் தளங்களின் சுற்றுச்சுவரிலிருந்து 3 கிலோமீட்டர் வரை ட்ரோன் பறக்கத் தடை என்று அறிவித்தது. 250 கிராமுக்குள் இருக்கிற சின்ன ட்ரோன்தானே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறையையும் கேட்க வேண்டும்.

கூட்டு ஒத்திகைக்கு வருபவர் என்றால் அனுமதியை உங்கள் அமைப்பு வாங்கியிருக்கும். அந்தக் கடிதத்தை நீங்களே வாசியுங்கள். எந்த இடம், எந்த நேரம், எந்த உயரம், யார் சொன்னால் இறக்க வேண்டும். இந்த நான்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஹெலிகாப்டரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ட்ரோனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எதிரில் வருவதைப் பற்றித் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

ஹெலிகாப்டர் 100 நாட் வேகத்தில் வந்தால் நொடிக்கு 51 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் சத்தம் கேட்டு நீங்கள் நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேல் வர 40 நொடிகூட இல்லை. அந்தப் பைலட்டுக்கு உங்கள் ட்ரோன் தெரியுமா? தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடலின் பளபளப்புக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு பொருள், அதுவும் நகராமல் நின்றால், கண்ணில் படவே படாது. 2017 செப்டம்பரில் நியூயார்க் பக்கம், கடலையொட்டி, அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒரு சின்ன ட்ரோன்மேல் மோதியது. உயரம் சுமார் 300 அடி. ட்ரோனை விட்டவர் கண்ணுக்கெட்டாத தூரத்தில், திரையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். விசாரணை அதிகாரிகள் வந்து சொல்லும்வரை மோதல் நடந்ததே அவருக்குத் தெரியாது. ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியது, ஆனால் ரோட்டர் (மேலே சுழலும் விசிறி) இலையில் சேதம்.

அப்புறம், காற்று. துருவ் வகை ஹெலிகாப்டரின் ரோட்டர் விட்டம் 13.2 மீட்டர், முழுச் சுமையோடு எடை ஐந்து டன்னுக்கு மேல். அந்த எடையைத் தூக்கிப் பிடிக்கும் காற்று முழுதும் கீழே அடித்துப் பக்கவாட்டில் ஓடும். ரோட்டர் விட்டத்தைப்போல மூன்று மடங்கு தூரத்துக்குள் சின்ன ட்ரோன் நிலையாக நிற்கும் என்று நினைக்கவே கூடாது. கடலுக்கு மேல் நின்றால் உப்புத்தூறலும் சேர்ந்து வரும்.

ஹெலிகாப்டர் ஓரிடத்தில் நிற்கும்போது மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்துக்கொள்ளும். ஏதாவது கோளாறு என்றால் பைலட் முன்னோக்கி, அதாவது காற்று வரும் திசையில், வேகம் எடுத்து வெளியேறுவார். ஆளைக் கயிற்றில் தூக்கும் மீட்பு வின்ச் பெரும்பாலும் வலப்பக்கக் கதவில் இருக்கும். ஆகவே அதற்கு முன்னாலும் வலப்பக்கமும் உங்களுக்கு இடமே இல்லை. இடப்பக்கம், சற்றுப் பின்னால், நன்றாகத் தள்ளி. எவ்வளவு தள்ளி என்பதை அன்றைய திட்டத்தில் எழுதியிருப்பார்கள். எழுதாவிட்டால் நீங்களே கேட்டு எழுதவையுங்கள்.

மூன்றாம் படி: உயரம் என்றால் எந்த உயரம்?

புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் திரையில் வரும் உயரம், ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்டது. மணலில் வைத்துக் கிளப்பினால் மணல் பூஜ்ஜியம். கப்பலின் தளத்திலிருந்து கிளப்பினால் அந்தத் தளம் பூஜ்ஜியம். தளம் கடலுக்கு 30 அடி மேலே இருந்தால் உங்கள் 200 அடி உண்மையில் 230.

ஹெலிகாப்டர் பைலட் பார்ப்பது காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் உயரமானி. அன்றைய கடல்மட்ட அழுத்தத்தைக் கேட்டு அதில் பதிந்துகொள்வார். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரம் ஏறக்குறைய 27 அடி மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வுநிலை வந்து அழுத்தம் 1013-லிருந்து 1000-க்கு இறங்கினால், பழைய அளவை வைத்துக்கொண்டிருப்பவருக்கு 350 அடிப் பிழை. கடலுக்கு அருகில் தாழப் பறக்கும்போது அவர் ரேடியோ உயரமானியையும் பார்ப்பார். அது நேராகக் கீழே இருக்கிற நீரிலிருந்து அளப்பது.

மூன்றாவது, ஜிபிஎஸ் தரும் மூல உயரம். இது பூமியை ஒரு சீரான நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து அளக்கிறது. உண்மையான கடல்மட்டம் அந்தக் கற்பனைப் பரப்போடு எல்லா இடத்திலும் ஒட்டி நிற்பதில்லை. உலகத்திலேயே மிக அதிகமாகக் கீழே இறங்கியிருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், 100 மீட்டருக்கும் கூடுதலான பள்ளம். நம் இராமநாதபுரம் கரை அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. இங்கே அலை தொடும் மணலில் ட்ரோனை வைத்தால் திருத்தாத ஜிபிஎஸ் உயரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே 90 மீட்டருக்கும் கூடுதலாகக் காட்டும். பெரும்பாலான கருவிகள் இதைத் தாமாகவே திருத்திக் காட்டிவிடும். ஆனால் அமைப்பில் ஒரே ஒரு தேர்வு மாறியிருந்தாலோ, மூலத் தரவை அப்படியே வேறொரு மென்பொருளுக்கு அனுப்பினாலோ, கிட்டத்தட்ட 300 அடி காணாமல் போகும். நீங்கள் 120 மீட்டரில் நிற்பீர்கள், ஹெலிகாப்டர்காரருக்குப் போகும் எண் 25 என்று இருக்கும். அவர் நீங்கள் கீழே இருப்பதாக நம்பி உங்கள் உயரத்திலேயே வருவார்.

செய்ய வேண்டியது எளிது. கிளம்புவதற்கு முன் ட்ரோனை நீரோரம் வைத்து, உங்களிடம் உள்ள எல்லாத் திரைகளிலும் உயரத்தைப் படித்து எழுதுங்கள். பூஜ்ஜியத்துக்கு அருகில் இல்லாத எண் எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கிளப்பாதீர்கள். ரேடியோவில் உயரம் சொல்லும்போது "கடல்மட்டத்திலிருந்து" என்ற சொல்லைச் சேர்த்தே சொல்லுங்கள். மீட்டரா அடியா என்பதையும்.

நான்காம் படி: இடமும் நேரமும்

மீனவர்களின் ஜிபிஎஸ் கருவி டிகிரி, நிமிடம், தசம நிமிடம் என்று காட்டும். உங்கள் ட்ரோன் தசம டிகிரி காட்டும். கூகுள் வரைபடத்தில் சிலர் வினாடியில் எடுப்பார்கள். 9 டிகிரி 12.50 நிமிடம் என்பதை அவசரத்தில் ஒருவர் 9 டிகிரி 12 நிமிடம் 50 வினாடி என்று எழுதினால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். கடலில் தலை மட்டும் தெரியும் மனிதருக்கு 600 மீட்டர் என்பது பெரிய தூரம். ஹெலிகாப்டர் பிரிவு எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறதோ அதையே உங்கள் திரையிலும் வைத்துவிடுங்கள். தலைக்குள் கணக்குப்போட்டு மாற்றுகிற வேலை வேண்டாம்.

இடத்தோடு பார்த்த நேரத்தையும் சொல்லுங்கள். நீரோட்டம் ஒரு நாட் என்றால் பத்து நிமிடத்தில் ஆள் 300 மீட்டர் நகர்ந்திருப்பார். இதற்காகவே எல்லோருடைய கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும்.

ஐந்தாம் படி: வானத்தைப் பங்குபோடுவது

ஒருவர் வலை விட்டிருக்கும் இடத்துக்குள் இன்னொருவர் கேட்காமல் வள்ளத்தைச் செலுத்த மாட்டார். இங்கேயும் அந்த முறைதான். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயரோ எண்ணோ வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தில் ஒருவர். இருவரும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் உயரத்தால் பிரிப்பார்கள். உயரத்தால் மட்டும் பிரிப்பதை நான் விரும்புவதில்லை. மூன்றாம் படியை வாசித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இடத்தாலும் நேரத்தாலும் பிரிவதே முதல். உயரம் அதற்கு மேல் ஒரு காப்பு.

எல்லாம் குழம்பினால் யார் விலகுவது? ட்ரோன்தான். எப்போதும். உங்கள் கேமரா எவ்வளவு முக்கியமானதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி.

கட்டங்களை எங்கே வைப்பது என்பதில் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருக்காது. தனுஷ்கோடிக்காரர்கள் ஒன்றைப் பெண்கடல், மற்றதை ஆண்கடல் என்று சொல்வது சும்மா இல்லை. பாம்பனில் பாலங்களும், மேலே தூக்கும் புதிய ரயில் பாலத்தின் கோபுரங்களும் உண்டு. பனிக்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைக் கூட்டம் இறங்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் எழும்பினால் ட்ரோனுக்கும் ஆபத்து, தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் ஆபத்து.

ஆறாம் படி: சிக்னல் அறுந்தால்

பெரும்பாலான ட்ரோன்கள் சிக்னல் அறுந்ததும் என்ன செய்யும்? ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். வயலில் இது நல்ல ஏற்பாடு. ஹெலிகாப்டர் மேலே நிற்கும்போது இதுவே மோசமான ஏற்பாடு, ஏனென்றால் யாரும் கேட்காமல் அதன் உயரத்துக்கே ஏறுகிறது. திரும்பும் உயரம், திரும்பும் வழி, போய் நிற்க வேண்டிய இடம் மூன்றையும் அன்றைய திட்டத்துக்கு ஏற்ப நீங்களே பதிய வேண்டும். ஹெலிகாப்டர் பைலட்டின் கையிலும் அதே மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். சிக்னல் போன ட்ரோன் எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்தால் போதும், அவர் விலகிக்கொள்வார்.

பெரிய படைகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2010 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ஃபயர் ஸ்கவுட் என்ற ஆளில்லா ஹெலிகாப்டர் மேரிலாந்தில் சிக்னல் அறுந்து, திரும்பி வராமல், வாஷிங்டனைச் சுற்றியுள்ள தடைசெய்யப்பட்ட வான்பகுதிக்குள்ளேயே போய்விட்டது. காரணம் மென்பொருள் கோளாறு. ஆகவே பதிந்துவைத்தால் மட்டும் போதாது. ஆளில்லாத இடத்தில் ரிமோட்டை அணைத்துப் பார்த்து, சொன்னபடி திரும்புகிறதா என்று சோதித்துவிட்டு வாருங்கள்.

நம் கரையில் இன்னொன்றும் சேரும். 1974, 1976 ஒப்பந்தங்களின்படி வரையப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லை தனுஷ்கோடிக்கு மிகப் பக்கம். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது அது ட்ரோனை அந்தப் பக்கம்தான் தள்ளும். கணக்கைப் பாருங்கள்: உங்கள் ட்ரோன் நொடிக்கு 15 மீட்டர் போகும், காற்று 10 மீட்டர். போகும்போது 25, திரும்பும்போது 5. ஐந்து நிமிடத்தில் போன தூரத்துக்குத் திரும்பி வர 25 நிமிடம். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவந்தார்கள். அந்தக் காற்று நொடிக்கு 16 மீட்டர். இந்த ட்ரோன் அதில் முழு வேகத்தில் முன்னே போக முயன்றாலும் பின்னால்தான் நகரும். முதலில் காற்றுக்கு எதிராகப் போய், வரும்போது காற்றோடு வாருங்கள். அது முடியாத வேலை என்றால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போதே திருப்புங்கள். கரையில் நிற்கும் பெரியவர் "தம்பி, கச்சான் ஏறுது, இப்ப விடாதீங்க" என்று சொன்னால் செல்போன் செயலியைக் காட்டி வாதம் பண்ண வேண்டாம்.

ஏழாம் படி: பேச்சு

ட்ரோன் குழுவில் எத்தனை பேர் இருந்தாலும் ரேடியோவில் ஒரே குரல். ட்ரோனை ஓட்டுபவர் பேச வேண்டாம்; பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். மூன்றாவது ஆள் ஒருவர் திரையைப் பார்க்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று முதலில் குறைக்கப்படுவது இந்த மூன்றாவது ஆள்தான். குறைக்க விடாதீர்கள். படை ஹெலிகாப்டர்கள் தங்கள் இருப்பிடத்தை எல்லா நேரமும் வெளியிடுவதில்லை, அதனால் செல்போனில் விமானங்களைக் காட்டும் செயலி காலியாக இருந்தால் வானம் காலி என்று அர்த்தமில்லை.

சொல்ல வேண்டியது: யார், எந்தக் கட்டம், என்ன உயரம், அடுத்து என்ன செய்யப்போகிறோம். "கேட்டேன்" வேறு, "செய்துவிட்டேன்" வேறு. விலகச் சொன்னதும் "சரி" என்று மட்டும் சொன்னால் ஹெலிகாப்டர் உள்ளே வரக்கூடாது. ட்ரோன் போய்ச் சேர்ந்து, "கட்டம் காலி, நான் இன்ன இடத்தில், இன்ன உயரத்தில்" என்று சொல்லி, அதை அவர் திருப்பிச் சொன்ன பிறகே வருவார். யார் சொன்னாலும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பிரியவேண்டிய ஒரு சொல்லையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பைலட்டுகள் "நாக் இட் ஆஃப்" என்பார்கள். கடைக்குட்டிப் பயிற்சியாளர் சொன்னாலும் அது செல்லும்.

எட்டாம் படி: ஒரு தேடல், தொடக்கத்திலிருந்து

தென்கடலில் ஒரு நாட்டுப்படகு திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மீனவர் சங்கத்தில் கேளுங்கள்: என்ன நிறம், எத்தனை பேர், எந்தப் பாட்டில் (மீன்பிடி இடத்தில்) வலை போடுவார்கள், கடைசியாக யார் போனில் பேசியது. அன்று விசைப்படகு போகும் நாளா என்றும் கேளுங்கள். போகும் நாளென்றால் கடல் முழுக்கப் படகுகள், கேமராவில் தெரியும் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

தேடுவது ட்ரோனின் வேலை. மணிக்கணக்கில் ஒரே மாதிரி கோடுபோட்டுப் பார்க்க அதற்குச் சலிப்பில்லை. ஹெலிகாப்டரின் எரிபொருள் தேடலில் தீர்ந்துவிட்டால் தூக்குவதற்கு மிச்சம் இருக்காது. ட்ரோன் படகைக் கண்டதும் இடம், நேரம், எத்தனை பேர், நீரிலா படகிலா, படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்கிறது. ஹெலிகாப்டர் கிளம்புகிறது. அது பக்கத்துக் கட்டத்தை அடையும்வரை ட்ரோன் படகைப் பார்த்துக்கொண்டே புதிய இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு விலகி, காலி என்று சொல்லி, தன் காத்திருக்கும் இடத்தில் நிற்கும். இந்தக் கைமாற்றம்தான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி. பார்ப்பதை விட்டுவிட மனம் வராது. "இன்னும் ஒரு நிமிடம்" என்று தோன்றும். அந்த நிமிடத்தைக் கேட்காதீர்கள். நல்ல படம் எடுத்து அனுப்புவது வேலை இல்லை, வந்த ஹெலிகாப்டருக்கு வழிவிடுவதுதான்.

தூக்கி முடித்து ஹெலிகாப்டர் "வெளியேறுகிறேன்" என்று சொல்லி, கட்டத்தைத் தாண்டிய பிறகு, நீரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ட்ரோன் மறுபடி உள்ளே போகலாம்.

ஒன்பதாம் படி: கப்பல் தளத்தில்

இது கடற்படைக்குள் போகிறவர்களுக்கு. தளத்தில் ரோட்டர் சுற்றிக்கொண்டிருந்தால் ட்ரோன் கிளம்பவும் கூடாது, இறங்கவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டியிருந்தால் ஹெலிகாப்டர் முதலில். ட்ரோனைக் கடலில் விழவிட்டாலும் யாரும் சாக மாட்டார்கள். அதனால் பேட்டரிக் கணக்கைப் போடும்போது ஹெலிகாப்டர் ஒருமுறை இறங்கிக் கட்டப்படும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

அமெரிக்கக் கடற்படை 2013 மே மாதம் சான் டியாகோவில் எச்எஸ்எம்-35 என்ற பிரிவைத் தொடங்கியபோது எம்எச்-60ஆர் ஹெலிகாப்டரையும் ஃபயர் ஸ்கவுட்டையும் ஒரே பிரிவுக்குள் வைத்து, ஒரே குழுவினருக்கு இரண்டிலும் பயிற்சி கொடுத்தது. என் பார்வையில் அதுதான் சரியான வழி. ட்ரோன் ஓட்டுபவர் ஒருமுறையாவது ஹெலிகாப்டரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, கீழே தன் ட்ரோனைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அதே எம்எச்-60ஆர் நம் கடற்படைக்கும் வந்து, 2024 மார்ச்சில் கொச்சியில் 334-வது பிரிவாகச் சேர்ந்திருக்கிறது. இங்கேயும் இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து திட்டம் பேசும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

இறங்கிய பிறகு

ட்ரோனை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மோட்டார் இடுக்குகளில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாம்பன் காற்று இரும்பைத் தின்னும் வேகம் ஊரறிந்தது. பறந்த பதிவைக் கருவியிலிருந்து எடுத்து, அன்றைக்கே ஹெலிகாப்டர் பிரிவிடம் கொடுங்கள்.

அவர்களோடு உட்கார்ந்து பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்களை எப்போது பார்த்தீர்கள்?" பார்க்கவே இல்லை என்று பதில் வந்தால், மோதல் எதுவும் நடக்காமல் போனதை வெற்றியாக எழுதாதீர்கள். விளக்கின் பிரகாசத்தையோ காத்திருக்கும் இடத்தையோ மாற்றி, புதுத் திட்டத்துக்கு மறுபடி ஒப்புதல் வாங்கிவிட்டு அடுத்த முறை கிளப்புங்கள்.